சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை: மொரீஷியஸ் சாலைக்கு எதை வைப்பது, எதை விடுவது?

சைக்கிள் சீட்டுக்கு அடியில் மாட்டும் பை ஒரு கைப்பிடி அளவுதான். அதில் வைக்க ஆசைப்படும் பொருள்கள் எல்லாமே மலிவு என்பதால் வாங்குவதில் சிக்கல் இல்லை. இடம் பிடிப்பதில்தான் சண்டை. பம்ப் வைத்தால் டியூப் போகாது, டியூப் வைத்தால் மழைக்கோட்டு போகாது, எல்லாவற்றையும் திணித்தால் ஜிப் மூடாது.

நம் தீவில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நீளம் 65 கிலோமீட்டர், அகலம் 45, ஏறக்குறைய அவ்வளவுதான். ஊருக்கு ஊர் தூரம் குறைவு. எந்த ஊரிலும் ஒரு தாபாஜி கடை இருக்கும். தண்ணீர், பிஸ்கட், வாழைப்பழம், பேட்டரி எல்லாம் அங்கே கிடைக்கும். அதனால் என் கணக்கு இதுதான்: அடுத்த ஊர்க் கடையில் கிடைக்கும் பொருளுக்குப் பையில் இடமில்லை. கடையே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிடும் கோளாறுக்குத்தான் இடம்.

இந்தக் கணக்கு போகிற வழியைப் பொறுத்து மாறும். காத்ரபோர்னிலிருந்து ரோஸ் ஹில்லுக்கு வேலைக்குப் போகிறவர் டயர் வெடித்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடைக்குப் போய்விடலாம். கங்கா தலாவ் தாண்டி, பிளேன் ஷாம்பாஞ் காட்டுச் சாலையில் ஏறி, ஷாமரேல் வழியாகக் கடற்கரைக்கு இறங்குகிறவர் அப்படி நடக்க முடியாது. கீழே ஒவ்வொரு பொருளையும் இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

பஞ்சர்: ஒட்டா, மாற்று டியூபா?

மூன்று வழி இருக்கிறது. சொல்யூஷன் தடவி ஒட்டும் பழைய வகை ஒட்டு ஒன்று. தாளை உரித்து அப்படியே ஒட்டும் ஸ்டிக்கர் வகை இன்னொன்று. ஒட்டும் வேலையே வேண்டாம் என்று புது டியூபை மாட்டுவது மூன்றாவது. முதல் இரண்டும் சில ஜோடி தால் பூரி விலைக்குள் முடிந்துவிடும். டியூப் கொஞ்சம் கூடுதல்.

நிலைத்து நிற்பது சொல்யூஷன் ஒட்டுதான். சரியாக ஒட்டினால் ரப்பரோடு ரப்பராக இறுகி, டியூபின் ஆயுசு முழுக்க இருக்கும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, மெல்லியதாகத் தடவி, பளபளப்பு மங்கும்வரை காயவிட்டு, அப்புறம்தான் அழுத்தணும். பாதிப் பேர் அந்தக் காயவிடும் ஐந்து நிமிடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் காற்றடித்ததும் ஓரம் தூக்கிக்கொள்ளும். இன்னொரு தொல்லை: சொல்யூஷன் மூடியை ஒருமுறை திறந்துவிட்டால் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்துபோகும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். பையில் இருக்கிறது என்று நம்பிப் போவோம். தேவைப்படும் நாளில் அமுக்கினால் வெறும் காற்று வரும். பெரிய சொல்யூஷன் ஒன்று வாங்குவதைவிடச் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று வாங்கி, ஒன்றை மட்டும் திறந்து வைப்பது நல்லது.

ஸ்டிக்கர் ஒட்டு தபால் தலை போல மெல்லியது, எடையே தெரியாது, உரித்து ஒட்டிவிட்டுக் கிளம்பலாம். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை தாங்கும் என்று நினைத்து ஒட்டினால் ஏமாற்றம் இராது. அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக் வைத்திருப்பவர்கள் ஷாமரேலிலிருந்து காஸ் நொயால் இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சுடும். அந்தச் சூட்டில் ஸ்டிக்கரின் பசை இளகலாம். இறக்கத்தின் நடுவில் முன் டயர் காற்று இறங்குவதை யாரும் விரும்பமாட்டார்கள். டிஸ்க் பிரேக் என்றால் இந்தக் கவலை இல்லை.

இரண்டு ஒட்டுக்கும் பொதுவான எதிரி ஈரம். இங்கேதான் நம் தீவின் வானிலை தீர்ப்பு சொல்கிறது. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று மழையைக் கியூர்பிப் மேட்டிலேயே கொட்டிவிட்டு, மேற்கே வறண்டுபோய் இறங்குகிறது. மேற்குக் கடற்கரை ஃபிளிக்-அன்-ஃபிளாக்கில் வெயில் சுளீர் என்று அடிக்கும் அதே நேரம் மேட்டில் தூறிக்கொண்டிருக்கும். நனைந்த டியூபில், மரத்தடியில் நின்றுகொண்டு, எந்த ஒட்டும் பிடிக்காது. மேட்டுப்பக்கம் ஏறுகிறவருக்கு மாற்று டியூப்தான் சரி. ஓட்டையை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஒட்டிக்கொள்ளலாம். மேற்குக் கடற்கரையோடு நின்றுகொள்கிறவருக்கு ஒட்டே போதும். காத்ரபோர்ன்–ரோஸ் ஹில் ஆளுக்கு ஸ்டிக்கர் நாலு இருந்தால் மீதி இடத்தில் சாப்பாட்டு டப்பாகூட வைக்கலாம்.

டியூபை அப்படியே பையில் போடாதீர்கள். மற்ற சாமானோடு உரசி, மாட்டும் முன்பே ஓட்டை விழும். பழைய காலுறை ஒன்றில் போட்டு வைத்தால் போதும், பின்னால் அதே காலுறை கை துடைக்கவும் ஆகும். வால்வு நீளம் உங்கள் ரிம்முக்குப் பொருந்துகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

டியூபை மாற்றினாலும் ஒட்டினாலும், குத்தியது என்ன என்று தேடி எடுக்காவிட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி பஞ்சர். சாலையில் நம்மைக் குத்துவதில் ஆணியைவிடக் கெட்டது லாரி டயர் வெடித்துச் சிதறும் முடிபோன்ற கம்பி. விரலில் தட்டுப்படும், நகத்தில் சிக்காது. கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில், அதாவது ஜூனிலிருந்து டிசம்பர் வரை, லாரிகள் ஓயாமல் ஓடும்; சாலையோரக் குப்பையும் அதிகம். இதற்கு ஒரு நகவெட்டி போதும். கம்பியைக் கடித்து இழுக்கும், சாமானை இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டையின் வாலை வெட்டும். கடையில் விற்கும் எந்தச் சைக்கிள் கருவியைவிடவும் இதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

ஓட்டை ஒன்றா, பக்கத்தில் பக்கத்தில் இரண்டா என்றும் பாருங்கள். பாம்பு கடித்த மாதிரி இரண்டு இருந்தால் குத்தியது எதுவும் இல்லை; காற்று குறைவாக வைத்துக் குழியில் இறக்கியதால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. டயரில் மணிக்கணக்காகத் தேடவேண்டாம், இரண்டையும் மூடிவிட்டுக் காற்றைக் கூட்டினால் ஆயிற்று.

காற்று

என் மைத்துனர் கார்பன் டை ஆக்சைடு குப்பிக் கட்சி. சின்னக் குப்பி, 16 கிராம் வாயு, திருகினால் சில நொடியில் டயர் கல்லு மாதிரி ஆகிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குப்பி ஒரு தடவைதான். மெல்லிய ரோடு டயரை முழுக்க நிரப்பும் அந்தக் குப்பி, மலை சைக்கிளின் தடித்த டயரில் பாதி திருப்திதான் தரும். திருகும்போது உலோகம் உறைபனி அளவுக்குக் குளிரும், வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. அந்த வாயு டியூபின் ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும் என்பதால், மறுநாள் டயர் தொய்ந்துபோய் நிற்கும். பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அந்த சில நொடி முக்கியம். 2025இல் லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் மகளிர் பந்தயத்தை வென்று, அதே ஆண்டு டூர் து பிரான்ஸ் மகளிர் பந்தயத்தில் மஞ்சள் ஜெர்சியும் போட்ட நம்மூர் கிம்பர்லி லெ கோருக்குக்கூட அது தேவைப்படாது. பின்னால் டீம் கார் வரும். நமக்குப் பின்னால் கரும்பு லாரிதான் வரும்.

கை பம்ப் மெதுவானது. சின்ன பம்பில் முன்னூறு தடவையாவது அடிக்கணும், தோள் வலிக்கும். ஆனால் தீர்ந்துபோகாது. இரண்டாவது பஞ்சர், மூன்றாவது பஞ்சர், பக்கத்தில் நிற்கும் அந்நியரின் பஞ்சர் என்று எல்லாவற்றுக்கும் அடிக்கலாம். பம்ப் வாங்குவதென்றால் குட்டி ரப்பர் குழாய் வைத்த வகையைப் பாருங்கள். குழாய் இல்லாமல் வால்வில் நேராகப் பொருத்தும் வகையில், வேகமாக அடிக்கும்போது கை ஆடி வால்வுத் தண்டே வளைந்துபோகும். பஞ்சரைவிடப் பெரிய செலவு அது. பம்பைப் பைக்குள் வைக்க வேண்டியதில்லை, தண்ணீர் பாட்டில் பக்கத்தில் ஃபிரேமில் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது வழியைப் பலர் கவனிப்பதே இல்லை. பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வைக் கார் வால்வாக மாற்றும் பித்தளை அடாப்டர். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, விலையும் கிட்டத்தட்ட அதே கணக்கு. அதைத் திருகிவிட்டால் பெட்ரோல் ஸ்டேஷனில் கார்களுக்கு அடிக்கும் காற்றே உங்கள் டயருக்கும் வரும். மெல்லிய டயரில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். அந்த இயந்திரம் கார் டயர் கணக்கில் தள்ளும், வெடித்துவிடும். விட்டு விட்டு அடிக்கணும்.

ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அடாப்டரும் ஸ்டிக்கரும் போதும், பம்பே வேண்டாம் என்று துணிந்து சொல்வேன். காட்டுச் சாலையில் பெட்ரோல் ஸ்டேஷன் ஏது? அங்கே பம்ப் கட்டாயம். குப்பி வைத்தே தீருவேன் என்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் பம்புக்குப் பதிலாக வைக்க வேண்டாம்.

டயரே கிழிந்தால்: ரூபாய் நோட்டா, பழைய டயர் துண்டா?

டியூபில் ஓட்டை விழுவது ஒன்று, கண்ணாடித் துண்டு டயரின் பக்கச் சுவரையே கிழிப்பது வேறு. கிழிந்த இடத்தில் புது டியூபை மாட்டிக் காற்றடித்தால், கிழிசல் வழியாக டியூப் கொப்புளமாகத் துருத்தி வெடிக்கும். உள்பக்கமாக ஏதாவது அணை கொடுக்கணும். இதற்கென்று தயாரித்த ஒட்டுகள் விற்கிறார்கள், வேலை செய்யும், ஆனால் காசு கொடுத்து வாங்க அவசியமில்லை.

உலகம் முழுக்கச் சைக்கிள்காரர்கள் அவசரத்துக்குச் செய்வது, பண நோட்டு ஒன்றை மடித்து உள்ளே வைப்பது. அதில் நமக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. 2013இல் மொரீஷியஸ் 25, 50, 500 ரூபாய் நோட்டுகளைப் பாலிமர் என்ற பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. பாலிமர் நோட்டு நனைந்தால் ஊறாது, எளிதில் கிழியாது. காகித நோட்டோ நனைந்த டயரில் கொஞ்ச நேரத்தில் குழைந்துவிடும். நம்மூர்த் தமிழ்த் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் முகம் பதித்த காகித நூறு ரூபாயை டயருக்குள் திணிக்க எனக்கு மனசும் வராது. தமிழ் எழுத்து போட்ட நோட்டு வேறு. 1998இல் அச்சடித்த நோட்டுகளில் தமிழின் வரிசையைப் பின்னால் தள்ளியதற்காக நம் மக்கள் கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெறவைத்த கதை வீட்டுக்கு வீடு தெரியும். அதைக் கிழிசலுக்கு அணை வைப்பதா! சரி, 25 ரூபாய்ப் பாலிமர் நோட்டிலும் தமிழ் இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கிறது. ஆனால் அது கசங்காமல் வெளியே வந்துவிடும், துடைத்துவிட்டுச் செலவழித்துக்கொள்ளலாம்.

பாலிமருக்கும் ஒரு குறை உண்டு, வழுக்கும். டியூபைக் கொஞ்சம் ஊதி அது நோட்டை அழுத்திப் பிடித்தபின்தான் டயரை ரிம்முக்குள் தள்ளணும், இல்லாவிட்டால் நோட்டு நகர்ந்து கிழிசல் மறுபடி திறந்துகொள்ளும். மடிப்பின் கூர்மையான ஓரம் டியூப் பக்கம் இருக்கக் கூடாது.

இதையெல்லாம்விடச் சிறந்தது, தேய்ந்துபோன பழைய டயரின் பக்கச் சுவரிலிருந்து வெட்டிய துண்டு. தீப்பெட்டி நீளம் போதும். ஓரங்களைச் சாய்வாகச் சீவிவிடுங்கள். வளைவு ஏற்கெனவே டயருக்குப் பொருந்தும், வழுக்காது, காசும் இல்லை. சைக்கிள் கடையில் கேட்டால் தூக்கிப்போட வைத்திருக்கும் டயரைச் சும்மாவே தருவார்கள். டயர் துண்டு ஒன்று பையில் இருந்தால், நோட்டு சட்டைப் பையிலேயே இருக்கட்டும். தாபாஜி கடையில் தண்ணீர் வாங்க உதவும்.

மற்றவை

டயர் கழற்றும் லீவரில் இரும்பா, பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கு அதிக நேரம் வேண்டாம். பிளாஸ்டிக், இரண்டு. இரும்பு ரிம்மைக் கீறும், டியூபைக் கிள்ளும். வீட்டுக் கரண்டிக் காம்பால் முயற்சி செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ஒரு நாள் அவசரத்துக்கு மட்டும்.

செயின் அறுவது அபூர்வம், அறுந்தால் நடைதான். மாற்று இணைப்பு வளையம் சில கிராம்தான் இருக்கும், விலையும் சொற்பம். ஆனால் உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தில் எத்தனை பல்சக்கரம் என்று பார்த்து அதற்கேற்ற வளையத்தைத்தான் வாங்கணும். 9க்கு வாங்கியது 11க்குப் பொருந்தாது. உடைந்த கண்ணியைக் கழற்ற ஒரு செயின் கருவியும் வேண்டும், அதனால் ஆலன் சாவிகளோடு செயின் கருவியும் சேர்ந்த மடக்குக் கருவி ஒன்று வாங்கினால் இரண்டும் முடியும். கடற்கரை ஓரமாகவே ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. உப்புக்காற்று செயினை உள்ளிருந்தே தின்னும். ஊருக்குள் ஓட்டுகிறவர் இதை விட்டுவிடலாம், தம்பியைக் கூப்பிட்டால் கார் வரும்.

கேபிள் டையா, மின்சார டேப்பா? இரண்டும். டேப்பை உருளையாகக் கொண்டுபோக வேண்டாம். பம்ப் உடம்பில் பத்துச் சுற்று சுற்றிவைத்தால் இடமே பிடிக்காது. கேபிள் டை நாலைச் சீட்டுக் கம்பியை ஒட்டி வைத்துவிடலாம்.

மழைக்கு இரண்டு சிந்தனை. நம் உடம்பு நனைந்தால் பரவாயில்லை, அரைமணி நேரத்தில் மேற்கே இறங்கினால் காய்ந்துவிடும். கோடையில் மழைக்கோட்டு போட்டால் உள்ளே வேர்வையில் அதைவிட அதிகம் நனைவோம். போனும் பணமும்தான் காக்கப்பட வேண்டியவை. மற்ற நாடுகளில் இதற்குக் கடைப் பிளாஸ்டிக் பை என்று எழுதிவிடுவார்கள். இங்கே 2016 ஜனவரியிலிருந்து அந்தப் பைகளுக்குத் தடை. வீட்டில் ஃபிரீஸரில் மீன் வைக்கும் ஜிப் பையைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். தொடுதிரை அதற்கு மேலாகவே வேலை செய்யும். அப்புறம் ஓட்டலில் குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி. ஓட்டலில் வேலை பார்க்கும் உறவினர் இல்லாத குடும்பம் இந்தத் தீவில் ஏது? வண்டியை நிறுத்தியிருக்கும்போது சீட்டை நனையாமல் மூடுவதற்கு இதைவிட மலிவான பொருள் கிடையாது. மழை நேரத்தில் இரண்டாயிரம் ரூபாய்ச் சீட்டு உறையைவிட இது நன்றாக வேலை செய்யும்.

விளக்கில் மட்டும் கடைக் கணக்கைப் பார்க்காதீர்கள். ஜூன் மாதம் மாலை ஐந்தேமுக்கால் ஆவதற்குள் சூரியன் மறைந்துவிடும், நம் பக்கம் அந்தி நீளாது, பட்டென்று இருட்டிவிடும். இரு பக்கமும் ஆள் உயரக் கரும்பு நிற்கும் வளைவில் பின்னால் வரும் காருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. யுஎஸ்பியில் சார்ஜ் செய்யும் சிவப்பு விளக்கு பிரகாசமானது, பகலிலும் தெரியும். சார்ஜ் போட மறந்தால் பயனில்லை. பொத்தான் பேட்டரி போடும் ரப்பர் விளக்கு மங்கலானது, ஆனால் பேட்டரி எங்கும் கிடைக்கும், பையின் மூலையில் பல மாதம் கிடந்தாலும் எரியும். தினமும் மாலையில் ஓட்டுகிறவர் முதல் வகையை வாங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கிளம்பி, எப்போதாவது நேரமாகிவிடுகிறவருக்கு இரண்டாவதே போதும்.

பணம் கொஞ்சம் நோட்டாகவே இருக்கட்டும். போனில் பணம் அனுப்புவது இப்போது எங்கும் வந்துவிட்டது, ஆனால் மேட்டில் சிக்னலும் உங்கள் பேட்டரியும் அதற்கு ஒத்துழைக்கணும். ஒரு துண்டுத்தாளில் வீட்டுத் தொலைபேசி எண், ரத்தவகை, ஏதாவது மருந்து ஒவ்வாமை இருந்தால் அது. பென்சிலில் எழுதினால் நனைந்தாலும் அழியாது. ஆம்புலன்ஸுக்கு 114 என்பதைத் தாளில் எழுதத் தேவையில்லை, மனப்பாடமாக இருக்கணும்.

கையுறையா, ஈரத்துடைப்பானா? மெல்லிய ரப்பர் கையுறை ஒரு ஜோடி. எண்ணெய் கையில் படாமலே இருப்பது, பட்டபின் துடைப்பதைவிட மேல். கோயிலுக்குப் போகும் வழியில் செயின் கழன்றால் இதன் அருமை தெரியும். கோர் த கார்ட் மலையடிவார முருகனுக்குக் கறுத்த கையோடு கற்பூரம் காட்டமுடியாது.

தெருநாய்க்கு ஸ்பிரே, விசில் எல்லாம் விற்கிறார்கள். வேண்டாம். தண்ணீர் பாட்டிலை அதன் மூஞ்சியை நோக்கி ஒரு பீச்சு, அல்லது இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது, இரண்டில் ஒன்று பெரும்பாலும் போதும்.

கடைசியாகப் பூட்டு. மலிவான கம்பிப் பூட்டு கனம் அதிகம், ஒரு கட்டிங் பிளேயருக்கு நிற்காது. கனமான நல்ல பூட்டு இந்தப் பையில் நுழையாது. ஐந்து நிமிடம் கடையில் நிற்பதற்கு, டியூபைக் கட்டிவைத்திருக்கும் வெல்க்ரோ பட்டையை அவிழ்த்து முன்பிரேக் லீவரை இறுக்கிக் கட்டிவிடலாம். ஏறி மிதித்தால் சக்கரம் சுற்றாது. திருட வந்தவன் குனிந்து பார்த்து அவிழ்ப்பதற்குள் நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். அதற்கும் முன்னால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் "சைக்கிளைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். அதற்குப் பையில் இடமே வேண்டாம்.